‘தெரியவில்லை’ என்று சொல்லும் துணிவு

2023ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், பிரதிநிதிகள் அவையின் துணைக்குழு ஒன்றின் முன் மூன்று பேர் உறுதிமொழி எடுத்துச் சாட்சி சொன்னார்கள். டேவிட் ஃப்ரேவர், ரயன் கிரேவ்ஸ் ஆகிய இருவரும் கடற்படையின் போர் விமானங்களை ஓட்டியவர்கள். மூன்றாமவரான டேவிட் கிரஷ், விமானப் படையின் உளவுப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். 2004ஆம் ஆண்டு தென் கலிபோர்னியக் கடலுக்கு மேலே, இறக்கையே இல்லாத வெண்ணிறப் பொருள் ஒன்று தம் விமானத்தின் முன் விரைந்து மறைந்ததை ஃப்ரேவர் விவரித்தார். இத்தகைய காட்சிகளைக் காணும் விமானிகள் கேலிக்கு அஞ்சி வாய் திறப்பதில்லை என்றார் கிரேவ்ஸ். கிரஷ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். மனிதர் செய்யாத ஊர்திகளைக் கைப்பற்றி ஆராயும் திட்டம் ஒன்று பல பத்தாண்டுகளாக மறைவில் நடந்து வருகிறது என்றார். அவற்றைத் தாம் நேரில் கண்டதாக அவர் சொல்லவில்லை. 40க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு அறிந்ததாகவே சொன்னார்.

இந்தப் பேச்சு அந்த அவைக்கு வந்து சேர்ந்த வழி நம் சிந்தனைக்கு உரியது. கிரஷின் கூற்றை முதலில் வெளியிட்டது பெரிய நாளிதழ் எதுவும் அன்று. 2023 ஜூன் 5ஆம் நாள், ‘த டிப்ரீஃப்’ என்ற இணைய இதழில் அது வெளிவந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவரான லெஸ்லி கீன், பல ஆண்டுகளாகத் தனித்து நின்று இப்பொருளைப் பற்றி எழுதிவரும் பத்திரிகையாளர். சாட்சி சொன்ன கிரேவ்ஸ், பாட்காஸ்ட் எனப்படும் வலையொலி நிகழ்ச்சி ஒன்றைத் தாமே நடத்தியவர். இதே பொருளில் வலையொலி நடத்தும் ஜார்ஜ் நாப், ஜெரமி கார்பெல் ஆகிய இருவரும் அன்று பார்வையாளர்களாக அந்த அவையில் அமர்ந்திருந்தார்கள். பெரிய நிறுவனம் எதையும் சாராத வலைப்பதிவர்களும் வலையொலியாளர்களும் கிளப்பிய கேள்வி, ஒரு நாட்டின் சட்டமன்றக் கதவைத் திறந்துவிட்டது.

பறக்கும் தட்டுகள், பேய் வீடுகள், விளக்கமுடியாத ஒளிகள் பற்றிய இத்தகைய நிகழ்ச்சிகள் இன்று நம் இல்லங்களிலும் கைப்பேசி வழியாகக் கேட்கின்றன. நம் இளையோர் இரவு நேரங்களில் காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு இவற்றைக் கேட்கிறார்கள். தமிழிலும் இக்கதைகள் மறுபடி சொல்லப்படுகின்றன. இவற்றைச் சிரித்து ஒதுக்குவதா, அஞ்சி விலக்குவதா, அப்படியே நம்பி ஏற்பதா? இம்மூன்றும் எளிய வழிகள். நான்காவது வழி ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்போம்.

ஐயம் பிறந்த இடம்

இம்மக்கள் ஏன் அரசையும் அறிஞர்களையும் நம்புவதில்லை? இந்த ஐயத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம், வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைக்கு அருகே சிறு விமானத்தில் சென்ற கென்னத் அர்னால்டு என்பவர், ஒன்பது பொருள்கள் மிக விரைவாகப் பறந்து சென்றதாகச் சொன்னார். நாளிதழ்கள் அவற்றுக்குப் ‘பறக்கும் தட்டு’ என்று பெயர் சூட்டின. அடுத்த மாதமே, நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் படைத்தளத்தினர் பறக்கும் தட்டு ஒன்றைக் கைப்பற்றியதாக அறிவித்தார்கள். உடனே அது வெறும் வானிலை பலூன் என்று மாற்றிச் சொல்லப்பட்டது. 1994ஆம் ஆண்டில்தான் அமெரிக்க விமானப் படை விரிவான விளக்கம் தந்தது. சோவியத் ஒன்றியத்தின் அணுகுண்டுச் சோதனைகளைத் தொலைவிலிருந்து கண்டறிய, ‘மோகல்’ என்ற இரகசியத் திட்டத்தில் பறக்கவிடப்பட்ட பலூன்களின் சிதைவுகளே அவை என்றது. வேற்றுக் கிரகத்தார் எவரும் அங்கே விழவில்லை. ஆனால் 47 ஆண்டுகள் மூடி வைக்கப்பட்ட உண்மை ஒன்று இருக்கத்தான் செய்தது.

சி.ஐ.ஏ. எனப்படும் அமெரிக்க உளவு நிறுவனத்தின் வரலாற்றாய்வாளர் ஒருவர் 1997ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையும் இதையே காட்டுகிறது. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் வந்த பறக்கும் தட்டுச் செய்திகளில் பாதிக்கு மேற்பட்டவை, யூ-2 போன்ற உளவு விமானங்களைக் கண்டு மக்கள் சொன்னவை என்று அவர் எழுதினார். அவ்விமானங்களின் இரகசியத்தைக் காக்க மக்களுக்குத் தவறான விளக்கங்கள் தரப்பட்டன என்றும் ஒப்புக்கொண்டார்.

இதைவிட வேதனை தரும் நிகழ்வும் உண்டு. நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கி நகரில், விமானப் படைத்தளம் ஒன்றின் அருகே, சிறிய மின்னணு நிறுவனம் நடத்தி வந்த ஒருவர் 1980ஆம் ஆண்டையொட்டித் தளத்தின் மேல் விந்தையான ஒளிகளைக் கண்டார். வானொலிச் சமிக்ஞைகளையும் பதிவு செய்தார். நேர்மையோடு அதைத் தளத்தாரிடமே தெரிவித்தார். அவருடைய கவனம் தங்கள் இரகசியப் பணிகளின் மேல் விழாதிருக்க, விமானப் படையின் விசாரணைப் பிரிவினர் அவருடைய கற்பனைக்குத் தீனி போட்டார்கள். வேற்றுக் கிரகத்தார் பற்றிய போலித் தகவல்களைத் தொடர்ந்து கொடுத்தார்கள். பறக்கும் தட்டு ஆய்வாளராகப் பெயர் பெற்றிருந்த வில்லியம் மூர், இந்தச் செயலுக்குத் தாமும் உடந்தையாக இருந்ததாக 1989ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் மாநாட்டு மேடையில் அறிவித்தார். அதற்குள் அந்த மனிதரின் மனநலம் சிதைந்து, அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். அதிகாரிகளை நம்பிச் சென்ற ஒரு குடிமகனுக்கு நேர்ந்த கதி இது.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். நம்பிக்கையும் கிடைக்காது. ஒருமுறை மறைத்தவர் பின்னர் உண்மையே பேசினாலும் மக்கள் செவிசாய்ப்பதில்லை. மறைத்தால் நற்பெயர் காக்கப்படும் என்று எண்ணுகிற எல்லா நிறுவனங்களுக்கும் இது ஒரு பாடம். திருச்சபையும் இப்பாடத்தை நம் காலத்தில் மிகுந்த கசப்போடு கற்று வருகிறது. ஆகவே, கேள்வி கேட்கும் வலையொலியாளர்களை நோக்கி விரலை நீட்டும் முன், அவர்களுடைய ஐயத்துக்கு யார் வித்திட்டார்கள் என்பதை மறக்கலாகாது.

தனியர் செய்த நன்மை

தனித்து நின்று தேடுபவர்கள் நல்ல பணிகளையும் செய்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கடற்படை விமானங்கள் எடுத்த மூன்று ஒளிப்பதிவுகளை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. ‘கோஃபாஸ்ட்’ என்று அழைக்கப்படும் பதிவில், சிறு பொருள் ஒன்று கடலை ஒட்டி மிக விரைவாகப் பாய்வது போலத் தெரிகிறது. உலகமே வியந்து பார்த்த அந்தப் பதிவை, கணினி விளையாட்டுகளுக்கு நிரல் எழுதி ஓய்வுபெற்ற மிக் வெஸ்ட் என்பவர் பொறுமையாக ஆராய்ந்தார். திரையிலேயே விமானத்தின் உயரமும், பொருள் இருந்த தொலைவும், ஒளிப்படக் கருவியின் கோணமும் எண்களாகத் தெரிந்தன. பள்ளியில் கற்ற முக்கோணக் கணக்கைக் கொண்டு, அப்பொருள் கடலை ஒட்டி இல்லை, ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் இருந்தது என்று அவர் காட்டினார். ஓடும் தொடர்வண்டியிலிருந்து பார்க்கும்போது அருகிலுள்ள மரங்கள் பின்னோக்கி ஓடுவது போலத் தோன்றுவதை நாம் அறிவோம். விரைந்து சென்றது விமானம்தான். பொருளின் வேகம் வெறும் தோற்றம். 2023 செப்டம்பரில் நாசா அமைத்த தனி ஆய்வுக்குழு வெளியிட்ட அறிக்கையும், அப்பொருளின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 40 மைல்தான், அந்த உயரத்தில் வீசும் காற்றின் வேகத்துக்கு ஒத்தது என்று கணித்தது.

இது ஒரு தனி மனிதரின் வீட்டு மேசையில் நடந்த வேலை. அதேபோல், விமானிகளின் அச்சத்தை வெளியே சொல்லி, வானில் காண்பதை வெட்கமின்றிப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்ட கிரேவ்சின் குரலும் நியாயமானதே. வானில் தெரியும் பொருள் எதுவாயினும், அது விமானத்தின் மேல் மோதினால் உயிர் போகும்.

கத்தோலிக்கரிடையேயும் இத்தகைய முயற்சி உண்டு. அமெரிக்கப் பொதுநிலையினரான ஜிம்மி ஏகின், 2018ஆம் ஆண்டு முதல் மர்ம நிகழ்வுகள் பற்றிய வலையொலி ஒன்றை நடத்தி வருகிறார். ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, அறிவின் பார்வையில் அதைப் பற்றி என்ன சொல்லலாம், விசுவாசத்தின் பார்வையில் என்ன சொல்லலாம் என்று இரண்டையும் குழப்பாமல் தனித்தனியே ஆராய்கிறார். கேட்பவர் அவருடைய முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் எது சான்று, எது ஊகம் என்று அவர் பிரித்துக் காட்டுவதை நாம் பாராட்ட வேண்டும்.

கதை உயிரைத் தொடும்போது

மறுபக்கத்தையும் பார்ப்போம். வலையொலி வருவதற்கு முன், 1990களில், நெவாடா பாலைநிலத்திலிருந்து ஆர்ட் பெல் என்பவர் நடத்திய இரவு வானொலி நிகழ்ச்சியை நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒலிபரப்பின. 1996 நவம்பரில், ஹேல்-பாப் வால்விண்மீனின் அருகே மாபெரும் பொருள் ஒன்று தெரிவதாக ஓர் ஆர்வலர் அந்நிகழ்ச்சியில் சொன்னார். அது ஒரு சாதாரண விண்மீன்தான் என்று வானியலாளர்கள் விளக்கினார்கள். விளக்கம் மெல்ல நடந்தது, வதந்தி பறந்தது. 1997 மார்ச் மாதம், கலிபோர்னியாவின் சான் டியேகோ அருகே ஒரு வீட்டில், ‘விண்ணக வாயில்’ என்ற குழுவைச் சேர்ந்த 39 பேர் தங்கள் உயிரை முடித்துக்கொண்டது தெரியவந்தது. அந்த வால்விண்மீனைத் தொடர்ந்து வரும் விண்கலம் தங்களை ஏற்றிச் செல்லும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள்.

நாம் நீதியோடு பேச வேண்டும். அக்குழு 1970களிலிருந்தே இருந்தது. வானொலி அதை உருவாக்கவில்லை. வால்விண்மீனின் அருகே துணைப் பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தங்களுக்கு ஒன்றே என்றுகூட அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். ஆயினும், உறுதி செய்யப்படாத ஒரு சொல் எந்தச் செவியில் போய் விழும் என்பதைப் பேசுகிறவர் அறிய முடியாது. பொழுதுபோக்காகக் கேட்பவர் ஆயிரம் பேர் என்றால், அதையே வாழ்வின் கடைசிக் கயிறாகப் பற்றிக்கொள்ளும் ஒருவரும் அவர்களிடையே இருக்கலாம்.

இறந்தவர்களும் இதற்கு விலை கொடுக்கிறார்கள். 2023 செப்டம்பரில் மெக்சிகோ நாட்டுச் சட்டமன்றத்தில், நெடுங்காலமாகப் பறக்கும் தட்டு நிகழ்ச்சிகளை நடத்தி வரும் ஹைமே மாவுசான், பெரு நாட்டில் கிடைத்தவை என்று சொல்லி, மூன்று விரல்கள் கொண்ட இரு சிற்றுடல்களைக் காட்டினார். அடுத்த மாதம் லீமா விமான நிலையத்தில் அதே தோற்றமுடைய இரு உருவங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. 2024 சனவரியில் பெரு நாட்டுத் தடயவியல் வல்லுநர்கள், அவை விலங்கு எலும்புகளை இக்காலப் பசையால் ஒட்டிச் செய்த பொம்மைகள் என்று அறிவித்தார்கள். நாஸ்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட மூவிரல் கை ஒன்று மனித எலும்புகளால் ஆனது என்றும் சொன்னார்கள். யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளையின் எலும்பு அது. நம் கல்லறைகளை மதிக்கத் தெரிந்த நமக்கு இதன் இழிவு புரியும்.

அண்மையில், 2024ஆம் ஆண்டின் இறுதி வாரங்களில், நியூ ஜெர்சி மாநிலத்தில் இரவு வானில் மர்ம ஆளில்லா விமானங்கள் பறப்பதாகப் பெரும் பரபரப்பு எழுந்தது. விசாரணைத் துறைக்கு 5,000க்கும் மேற்பட்ட தகவல்கள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 100 மட்டுமே மேற்கொண்டு விசாரிக்கத் தக்கவையாக இருந்தன. முறையான அனுமதியோடு பறந்த ஆளில்லா விமானங்கள், சாதாரண விமானங்கள், ஹெலிகாப்டர்கள், சில வேளைகளில் விண்மீன்கள் ஆகியவற்றையே மக்கள் கண்டார்கள் என்று டிசம்பர் 16ஆம் நாள் அரசு அறிவித்தது. இதற்கிடையில் சிலர் பயணிகள் விமானங்களை நோக்கி லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். விமானியின் கண் கூசினால் உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்று அவர்கள் எண்ணவில்லை.

கதை எப்படி வளர்கிறது? இவற்றை ஆராய அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைத்த அலுவலகம் 2024 மார்ச்சில் அளித்த அறிக்கையில் ஒரு விளக்கம் உண்டு. வேற்று உலகத் தொழில்நுட்பத்துக்கான சான்று எதையும் காணவில்லை என்ற அவ்வறிக்கை, ஒருவரிடம் ஒருவர் கேட்டு, அதையே திரும்பச் சொல்லும் ஒரு வட்டத்திலிருந்து இக்கூற்றுகள் பெரும்பாலும் பிறக்கின்றன என்றது. ஒரே செய்தி பத்து வாய்களில் சுற்றி வரும்போது பத்துச் சாட்சிகள் இருப்பதாகத் தோன்றுகிறது. விடை கிடைத்தால் கதை முடிந்துவிடும்; விடை கிடைக்காதவரை அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் சேரும். விளம்பரமும் நன்கொடையும் அதன் பின்னால் வருகின்றன.

‘அறியப்படாதது’ என்றால் என்ன?

1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப் படை 12,618 செய்திகளை ஆராய்ந்து, 701ஐ மட்டும் அடையாளம் காண இயலாதவை என்று விட்டது. 2021 ஜூன் மாத அரசு அறிக்கை 144 நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டுமே உறுதியாக விளக்கியது. அது காற்று இறங்கிய ஒரு பலூன். மீதி 143 என்ன? போதிய தகவல் இல்லை என்பதே விடை. இந்த இடைவெளியைத்தான் ஆளாளுக்கு நிரப்புகிறார்கள். ஒருவர் ‘வேற்றுக் கிரகத்தார்’ என்கிறார். ஒருவர் ‘எல்லாம் கட்டுக்கதை’ என்கிறார். சில கிறிஸ்தவப் போதகர்கள் ‘எல்லாம் பேய்கள்’ என்கிறார்கள். மூவருமே அறியாததை அறிந்ததாகச் சொல்கிறார்கள்.

திருச்சபை இதில் அவசரப்படுவதில்லை. வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த அருள்பணி ஹோசே கபிரியேல் ஃபூனஸ், 2008 மே மாதம் வத்திக்கான் நாளிதழுக்கு அளித்த நேர்காணலில், வேற்று உலகங்களில் உயிர்கள் இருக்கலாம் என்று எண்ணுவது விசுவாசத்துக்கு முரணாகாது என்றார். கடவுளின் படைப்பாற்றலுக்கு நாம் எல்லை வகுக்க முடியாது என்பதே அவருடைய கருத்து. ஆனால் இருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் அந்த வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றவர், நம் நாட்டின் கோவாவைச் சேர்ந்த இயேசு சபை அருள்பணியாளர் ரிச்சர்ட் டி’சூசா என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இன்னொன்றும் நம் கவனத்துக்கு உரியது. காட்சிகள், கண்ணீர் வடிக்கும் திருவுருவங்கள் போன்றவற்றை ஆராய்வதற்குத் திருப்பீடம் 2024 மே மாதம் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. இனி ஆயர்கள் பொதுவாக, இது இயற்கைக்கு மேற்பட்டது என்று அறிவிக்க மாட்டார்கள். பக்திக்குத் ‘தடையேதும் இல்லை’ என்பதே அவர்கள் வழங்கும் மிக உயர்ந்த முடிவு. ஆய்வுக் குழுவில் ஓர் இறையியலாரும், திருச்சபைச் சட்ட வல்லுநர் ஒருவரும், அந்நிகழ்வின் தன்மைக்கேற்ற வல்லுநர் ஒருவரும் இருக்க வேண்டும். நிகழ்வைப் பற்றிய வெளிப்படையான தவறு, பணத்தையும் புகழையும் அதிகாரத்தையும் தேடுதல், பிரிவினைப் போக்கு, மனநலக் குறைபாடு ஆகியவை எச்சரிக்கை அடையாளங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. தன் சொந்தப் பிள்ளைகள் கண்டதாகச் சொல்லும் அன்னை மரியாவின் காட்சியைக்கூட இவ்வளவு நிதானத்தோடு அணுகும் திருச்சபையின் மக்கள் நாம். யாரோ அனுப்பிய ஓர் ஒளிப்பதிவை நொடிப்பொழுதில் நம்பி, பத்துப் பேருக்கு அனுப்பலாமா?

ஓர் எல்லையும் உண்டு. வானில் தெரிந்த ஒளியை ஆராய்வது அறிவின் வேலை. அதில் பாவம் ஏதும் இல்லை. ஆனால் இறந்தோரின் ஆவிகளை அழைப்பது, குறி கேட்பது, எழுத்துப் பலகைகளின் மூலம் பேச முயல்வது ஆகியவற்றைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (2116, 2117) தெளிவாக விலக்குகிறது. ஒரே நிகழ்ச்சியில் இவ்விரண்டும் கலந்து வரும்போது, நம் இளையோருக்கு இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வது பெற்றோர், மறைக்கல்வி ஆசிரியர்களின் கடமை.

நாம் செய்யக்கூடியது

இத்தகைய நிகழ்ச்சியைக் கேட்கும்போது சில எளிய கேள்விகளை நம்முள் எழுப்பலாம். பேசுகிறவர் தாமே கண்டாரா, கேட்டதைச் சொல்கிறாரா? மாற்று விளக்கத்தை அவர் குறிப்பிடுகிறாரா? முன்பு சொன்னது தவறு என்று தெரிந்தபோது திருத்திக்கொண்டாரா? எதையாவது விற்கிறாரா? கேட்டு முடித்தபின் நம் உள்ளத்தில் ஆர்வம் பெருகியதா, அயலார் மேல் அச்சமும் வெறுப்பும் பெருகியதா? தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் கண்ட வழி. இறைவாக்குகளை இகழ்ந்து தள்ளாமல், அனைத்தையும் ஆய்ந்து பார்த்து, நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி தெசலோனிக்க மக்களைத் தூய பவுல் கேட்டுக்கொண்டதும் இதையே (1 தெச 5:20-21).

இவற்றில் ஆழ்ந்துபோன ஒருவர் நம் குடும்பத்தில் இருந்தால், கேலி செய்ய வேண்டாம். கேலி அவரை, அவர் பேச்சைக் கேட்க ஆள் இருக்கும் இடத்துக்கே தள்ளிவிடும். இரவில் தனியே மர்மக் கதைகளைக் கேட்கும் மகனுக்குத் தேவைப்படுவது பல வேளைகளில் விளக்கம்கூட அன்று. தன்னோடு அமர்ந்து பேச ஓர் ஆள். இந்த உலகம் கண்ணுக்குத் தெரிவதோடு முடிந்துவிடவில்லை என்று அவன் உணர்கிறான். அந்த உணர்வு தவறானதன்று. நாமும் ஞாயிறுதோறும் காண்பவை, காணாதவை யாவற்றையும் படைத்தவரை நம்புவதாக அறிக்கையிடுகிறோம்.

அடுத்த முறை அவன் ஓர் ஒளிப்பதிவைக் காட்டி, இது என்ன என்று கேட்டால், ‘எனக்குத் தெரியவில்லை, வா, சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்வோம். அரசுகள் சொல்ல அஞ்சிய சொல் அது. மர்மத்தை விற்பவர்களும் விரும்பாத சொல் அது. நம் வீட்டில் அது தயக்கமின்றி ஒலிக்கட்டும்.